த்ரோட்டில் பொசிஷன் சென்சரைச் சோதித்தலும் சுத்தம் செய்தலும்: மலையகச் சாரதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிலும், புசல்லாவைக்கு இறங்கும் இறம்பொடை வளைவுகளிலும் நாளாந்தம் வாகனம் செலுத்துகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் பெற்றோல் வாகனங்களைப் பற்றியவை. வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: அளந்து பார்க்காமல் எந்தச் சென்சரையும் கழற்றவும் வேண்டாம், புதிதாக வாங்கவும் வேண்டாம்.

இந்தச் சென்சர் எங்கே இருக்கிறது? அதன் வேலை என்ன?

எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் தடித்த குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் உள்ள அலுமினிய உறுப்பே த்ரோட்டில் பொடி. அதன் உள்ளே ஒரு வட்டத் தகடு ஓர் அச்சில் திரும்புகிறது. நீங்கள் அக்சிலேட்டரை மிதிக்கும்போது அந்தத் தகடு திறந்து எஞ்சினுக்குள் காற்றை விடுகிறது. அச்சின் ஒரு முனையில் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிதான் த்ரோட்டில் பொசிஷன் சென்சர். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வோல்ட் அளவாக மாற்றி, எஞ்சினை நிர்வகிக்கும் கணினியான ஈசியூவுக்குச் சொல்வது இதன் வேலை.

பழைய வகைச் சென்சரின் உள்ளே, வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழில் இருப்பதைப் போன்ற ஒரு கரித் தடமும், அதன் மேல் உரசிச் செல்லும் ஒரு மெல்லிய உலோக விரலும் இருக்கின்றன. ஈசியூ 5 வோல்ட் அனுப்புகிறது. விரல் தடத்தின் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப ஒரு பகுதி வோல்ட் திரும்பிச் செல்கிறது. பிற்கால வாகனங்கள் பலவற்றில் உரசல் இல்லாத காந்த வகைச் சென்சர் வருகிறது. அதில் தேய்வதற்குத் தடமே கிடையாது.

கொழும்பில் நன்றாக ஓடிய கார் நுவரெலியாவில் இழுக்கவில்லை. சென்சர் பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த அளவுக்குக் குறைவான காற்றையே உள்ளே இழுக்கும். ஆகவே அதன் வலுவும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். இது எந்தப் பாகத்தின் பழுதும் அல்ல, மலையின் இயல்பு.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. காற்றின் அடர்த்தியை அளப்பது வேறு சென்சர்கள். த்ரோட்டில் சென்சர் தகட்டின் கோணத்தை மட்டுமே அளக்கிறது. கொழும்பில் தகடு மூடியிருக்கும்போது 0.5 வோல்ட் காட்டிய சென்சர் நுவரெலியாவிலும் அதே 0.5 வோல்ட்டைத்தான் காட்ட வேண்டும். ஆகவே வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே மூடிய நிலை அளவையும் முழுதாகத் திறந்த நிலை அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சந்தேகம் எழும்போது, வேறு எந்தக் கையேட்டையும் விட அந்தத் தாள் உங்களுக்கு உதவும்.

அப்படியானால் உண்மையான பழுதின் அறிகுறிகள் எவை?

தடம் தேய்வது விரல் அதிகமாக உரசும் இடத்தில். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் சாரதியின் கால் நாள் முழுவதும் மிதியின் மேற்பகுதியிலேயே, அதாவது தகடு சற்றே திறந்த நிலையிலேயே, ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியில் தடம் தேய்ந்துவிட்டால், வளைவில் வேகத்தைக் குறைத்துவிட்டு மீண்டும் மிதிக்கும் கணத்தில் எஞ்சின் ஒரு நொடி தயங்கிப் பின் திடீரெனப் பாயும். எதிரே பஸ் வரும் ஒடுங்கிய வளைவில் அந்த ஒரு நொடி எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்று தானாக ஏறி இறங்குவது, ஒட்டோ கியர் வாகனம் ஏற்றத்தில் காரணமின்றி கியரை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருப்பது, பெற்றோல் கூடுதலாகச் செலவாவது ஆகியனவும் அறிகுறிகளே. இறக்கத்திலும் ஒன்று உண்டு. கியரில் வைத்துக் காலை எடுத்து இறங்கும்போது, தகடு மூடிவிட்டது என்று அறிந்த ஈசியூ பெற்றோலை முற்றாக நிறுத்திவிடும். தகடு மூடியும் சென்சர் அதைச் சொல்லாவிட்டால் பெற்றோல் தொடர்ந்து பாயும். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் தன்மை குறைந்து, பிரேக்கின் மேல் சுமை கூடும்.

ஆயினும் அடைபட்ட எயார் ஃபில்டர், வெடித்த வெற்றிடக் குழாய், பலவீனமான கொயில், தளர்ந்த பெற்றோல் பம்ப் ஆகியனவும் இதே அறிகுறிகளிற் பலவற்றைத் தரும். அதனாலேயே அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. பழுது எண்களை வாசிக்கும் கருவியான ஸ்கானரில் பி0122 என்று வருகிறது. சென்சரை மாற்றினால் போதுமா?

அந்த எண் சொல்வது ‘சென்சரிலிருந்து வரும் வோல்ட் மிகவும் குறைவாக இருக்கிறது’ என்பதை மட்டுமே. சென்சர் கெட்டாலும் குறையும். 5 வோல்ட் வரும் வயர் அறுந்தாலும் குறையும். கனெக்டர் தளர்ந்தாலும் குறையும். பி0123 என்பது வோல்ட் மிகவும் கூடுதல் என்பது. இதற்குச் சென்சரின் நில வயர் (எர்த் வயர்) அறுந்திருப்பதும் ஒரு காரணமாகலாம். பி0121 என்பது அளவு எல்லைக்குள் இருந்தும் மற்றச் சென்சர்கள் சொல்வதோடு பொருந்தவில்லை என்பது. பி0124 விட்டுவிட்டு வரும் பழுது. எலெக்ட்ரொனிக் த்ரோட்டில் உள்ள வாகனத்தில் பி2135 வந்தால், உள்ளிருக்கும் இரண்டு சென்சர்களும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று பொருள்.

சென்சரைக் கழற்றிக் கழுவலாமா?

சென்சரின் பெட்டியை உடைத்துத் திறந்து கரித் தடத்தைத் துடைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. தேய்ந்த தடத்தைத் துடைப்பதால் தடம் மீண்டும் வளராது. அச்சு நுழையும் துளை வழியாக ஸ்பிரே அடித்தால், இரண்டொரு நாள் நன்றாக ஓடியது போலத் தோன்றும். ஆனால் உள்ளிருக்கும் மசகும் கரைந்து போவதால் தேய்வு முன்னிலும் வேகமாகும்.

நீங்கள் உண்மையில் சுத்தம் செய்யக்கூடியவை இரண்டு: கனெக்டரின் ஊசிகள், த்ரோட்டில் பொடியின் உட்புறம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தை நனைக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கத்தை நனைக்கிறது. ஆண்டில் பாதி நாள் பனிமூட்டத்தில் நிற்கும் வண்டியின் கனெக்டருக்குள் ஈரம் புகுந்து, செப்பு ஊசிகளின் மேல் பச்சைக் களிம்பு பிடிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கனெக்டரைக் கழற்றி, மின் தொடுமுனைகளுக்கென்று விற்கப்படும் கொன்டாக்ட் கிளீனரை அடித்து, மென்மையான பிரஷால் தேய்த்து, நன்றாக உலர விட்டு, ஈரம் தடுக்கும் இறப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். கார்ப் கிளீனரும் பிரேக் கிளீனரும் பிளாஸ்டிக்கையும் இறப்பரையும் கெடுக்கக்கூடியவை. இந்த வேலைக்கு அவை வேண்டாம்.

மல்டிமீற்றரால் எப்படிச் சோதிப்பது?

முதலில் பொனெட்டைத் திறந்து, த்ரோட்டில் பொடியில் அக்சிலேட்டர் கேபிள் ஒன்று இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கே நான் சொல்லும் முறை கேபிள் உள்ள வாகனங்களுக்கு உரியது. பொதுவாகச் சென்சருக்கு மூன்று வயர்கள் இருக்கும்: 5 வோல்ட் கொண்டுவருவது ஒன்று, நிலம் ஒன்று, சமிக்ஞை ஒன்று. 1990களின் டொயோட்டாக்கள் பலவற்றில் நான்காவதாக ஐடிஎல் என்று ஒரு வயர் உண்டு. தகடு முற்றாக மூடியிருப்பதைத் தனியாக அறிவிக்கும் சுவிட்ச் அது.

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ‘ஒன்’ நிலைக்குத் திருப்புங்கள். கனெக்டரைக் கழற்ற வேண்டாம். அதன் பின்புறத்தில், வயர் நுழையும் இடைவெளி வழியாக ஒரு மெல்லிய ஊசியைச் செருகி அளவெடுங்கள். வயரின் உறையைக் குத்தித் துளைக்க வேண்டாம். எங்கள் ஈரக் காற்றில் அந்தச் சிறு துளையே அடுத்த ஆண்டின் பழுதாக மாறும்.

சென்சரைச் சந்தேகிக்கும் முன் அதற்குக் கிடைக்க வேண்டியவை கிடைக்கின்றனவா என்று பார்ப்பதே நியாயம். மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மறை முனையில் வைத்து, 5 வோல்ட் வயரை அளந்தால் 4.5க்கும் 5.5க்கும் இடையில் காட்ட வேண்டும். பிறகு நில வயரை அளங்கள். அங்கே ஏறத்தாழ பூச்சியமாக, 0.1 வோல்ட்டுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் குற்றம் வயரிங்கில் அல்லது ஈசியூ பக்கத்தில்.

அடுத்தது சமிக்ஞை வயர். தகடு மூடியிருக்கும்போது பல வாகனங்களில் 0.3 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும். முழுதாகத் திறக்கும்போது 3.5 முதல் 4.7 வரை செல்லும். சரியான எண் ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும். எண்ணைவிட முக்கியமானது அது ஏறும் விதம். கேபிள் இணைந்த நெம்பைக் கையால் பிடித்து, பத்து நொடி எடுத்து மிக மெதுவாகத் திறந்து, அதே போல மெதுவாக மூடுங்கள். வோல்ட் தடங்கலின்றிச் சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் திடீரென விழுந்து மீண்டால் அந்த இடத்தில் தடம் தேய்ந்திருக்கிறது. எண் காட்டும் மலிவான மீற்றர் கணநேர வீழ்ச்சியைத் தவறவிடக்கூடும் என்பதால், இந்த ஒரு வேலைக்கு முள் அசையும் பழைய மீற்றரையே நான் விரும்புகிறேன். மிகக் குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் வசதியுள்ள மீற்றரும் உதவும்.

முதல் மூன்றில் ஒரு பகுதித் திறப்பில் இந்தச் சோதனையை மூன்று நான்கு தடவை செய்யுங்கள். மலைப்பாதையின் தேய்வு அங்கேதான் ஒளிந்திருக்கும். திருப்புளியின் பிடியால் சென்சரை மெல்லத் தட்டிக்கொண்டே ஒரு தடவை பாருங்கள். அதிகாலைக் குளிரில் ஒரு தடவையும், எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஒரு தடவையும் அளந்தால், ஏற்றத்தில் மட்டும் வந்து கராஜ் வாசலில் மறைந்துவிடும் பழுது அகப்படும்.

தடையை மட்டும் ஓமில் அளந்தால் போதாதா?

கழற்றிய ஒரு பழைய சென்சரை வாங்கும் முன் பார்ப்பதற்கு அது உதவும். இரு ஓர ஊசிகளுக்கிடையே சில ஆயிரம் ஓம் நிலையாக இருக்க வேண்டும். நடு ஊசிக்கும் ஓர ஊசிக்கும் இடையிலான தடை அச்சைத் திருப்பும்போது சீராக மாற வேண்டும். எந்த ஊசி நடு என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியில் இருக்கும்போது வோல்ட் சோதனையே மேல். அது சென்சரோடு வயரையும் கனெக்டரையும் சேர்த்தே சோதிக்கிறது. காந்த வகைச் சென்சரை ஓமில் அளப்பதால் எதுவும் தெரியவராது.

புதிய சென்சர் போட்டும் அதே கோளாறு. ஏன்?

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஒரு பெற்றோல் வேன், வளைவுகளில் தயங்குகிறது என்று என்னிடம் வந்தது. அதற்கு முன் வேறொரு கராஜில் இரண்டு தடவை சென்சர் மாற்றப்பட்டிருந்தது. உரிமையாளர் ஒரு மாத வருமானத்தை அதற்கே செலவழித்திருந்தார். நான் நில வயரை அளந்தபோது, எஞ்சின் அசைவற்றிருக்கையில் அளவு சரியாக இருந்தது. வயர்க் கட்டைக் கையால் அசைத்தவுடன் அரை வோல்ட்டுக்கு மேல் தாவியது. கனெக்டருக்குள் நில ஊசியைப் பற்றும் சிறு உலோக வாய் விரிந்து, களிம்பும் பிடித்திருந்தது. இறக்கத்தில் எஞ்சின் ஒரு பக்கம் சாயும்போது தொடுகை விட்டுப்போயிருக்கிறது. அந்த வாயைச் சுத்தம் செய்து நெருக்கியதோடு வேலை முடிந்தது. முதலில் போட்டிருந்த சென்சரை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதையே மீண்டும் பொருத்தி அளந்தபோது எந்தக் குறையும் இல்லை. அன்றிலிருந்து நில வயரை அளக்காமல் எந்தச் சென்சரையும் நான் குற்றம் சொல்வதில்லை.

த்ரோட்டில் பொடியைச் சுத்தம் செய்வது எப்படி?

எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவியும், தோட்டத்துக் கிறவல் பாதைகளின் நுண்தூசியும் சேர்ந்து தகட்டின் விளிம்பில் கறுத்த பசையாகப் படிகின்றன. தகடு முற்றாக மூடாமல் ஒட்டுவதும், மூடிய நிலையில் போக வேண்டிய காற்று குறைவதும் இதனால்தான். சென்சரின் மேல் சுமத்தப்படும் பழி பல வேளைகளில் இந்தப் படிவையே சேர வேண்டியது.

எஞ்சின் குளிர்ந்த பின், சாவியை எடுத்துவிட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். இந்த ஸ்பிரேக்கள் இலகுவில் தீப்பற்றுவன. காற்றுக் குழாயைக் கழற்றி, த்ரோட்டில் பொடிக்கென்றே விற்கப்படும் கிளீனரைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் விளிம்பையும் சுவரையும் துடையுங்கள். நேரடியாக உள்ளே பீய்ச்சினால் திரவம் அச்சின் வழியே சென்சருக்குள் இறங்கும். ஒட்டிக்கொண்ட இடத்துக்குப் பழைய பல் பிரஷ் போதும். கத்தியோ உப்புத்தாளோ படவே கூடாது. சில வாகனங்களின் உட்சுவரில் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. சுத்தம் செய்ய வேண்டாம் என்று எச்சரிக்கை ஒட்டியிருந்தால் அதை மதியுங்கள்.

த்ரோட்டில் பொடிக்குச் சூடான நீர் கொண்டுவரும் இரண்டு சிறு குழாய்கள் பல எஞ்சின்களில் இருக்கின்றன. ‘இவை தேவையில்லை’ என்று சிலர் அடைத்துவிடுகிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் நுவரெலியாவில் உறைபனி விழும் காலைகளை நினைத்துப் பாருங்கள். ஈரக் காற்று தகட்டின் ஓரத்தில் உறையாதிருக்கச் செய்வது அந்தச் சூடுதான். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

எலெக்ட்ரொனிக் த்ரோட்டில் என்றால் வேறுபாடு என்ன?

வெகுவாக உண்டு. கேபிள் இல்லாமல், சிறு மோட்டார் ஒன்றே தகட்டைத் திருப்புகிறது. சாவி ‘ஒன்’ நிலையில் இருக்கும்போது விரலை உள்ளே விடவே வேண்டாம். மோட்டார் விரலை நசுக்கிவிடும். சாவி எடுத்த பின்னும் தகட்டை வலிந்து தள்ளினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் சேதமாகலாம். இதில் ஒன்றுக்கொன்று காவலாக இரண்டு சென்சர்கள் இருக்கின்றன. சில வாகனங்களில் இரண்டின் வோல்ட்டும் சேர்ந்து ஏறும், சிலவற்றில் ஒன்று ஏற மற்றது இறங்கும். அவற்றை ஸ்கானரின் நேரடி அளவுகளில் பார்ப்பதே பாதுகாப்பு. பாதையில் ஓட்டியபடி பார்க்க வேண்டுமானால் ஸ்கானரைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். பெரும்பாலானவற்றில் சென்சர் தனியாக விற்கப்படுவதில்லை. த்ரோட்டில் பொடியையே முழுதாக மாற்ற வேண்டும்.

எஞ்சின் சும்மா நிற்கும்போது ஸ்கானர் 15 சதவீதம் காட்டுகிறது. தகடு திறந்திருக்கிறதா?

பயப்பட வேண்டாம். பல வாகனங்களில் அந்த எண் 5 வோல்ட்டில் எத்தனை பங்கு என்பதைத்தான் காட்டுகிறது. 0.75 வோல்ட் என்றால் 15 சதவீதம்.

சுத்தம் செய்த பின் எஞ்சின் சுற்று கூடுதலாக இருக்கிறதே?

கரி படிந்த காலத்தில், குறைந்த காற்றை ஈடுசெய்ய ஈசியூ தகட்டையோ காற்று வால்வையோ சற்று அதிகம் திறக்கப் பழகியிருந்தது. இப்போது வழி சுத்தமாகிவிட்டதால் அதே திறப்பில் அதிகக் காற்று போகிறது. சில வாகனங்கள் சிறிது ஓடியபின் தாமே சரிசெய்துகொள்ளும். சிலவற்றுக்கு, ஈசியூவுக்குப் புதிய நிலையைப் பழக்கும் மறுபயிற்சி முறையை மாடலின் கையேட்டில் உள்ளபடி செய்ய வேண்டும். சுற்றைக் குறைக்க, தகடு எதுவரை மூடலாம் என்று எல்லை வைக்கும் நிறுத்து திருகாணியில் கைவைக்காதீர்கள். தொழிற்சாலையில் வர்ணம் பூசி அடைத்த அந்தத் திருகாணியைத் திருப்பினால் சென்சரின் தொடக்க அளவே பிழைத்துவிடும். சுற்று இறங்கவே இல்லையெனில், காற்றுக் குழாயின் கிளிப் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய சென்சரைச் சரிப்படுத்துவது எப்படி?

திருகாணித் துளைகள் வட்டமாக இருந்தால் சரிப்படுத்த எதுவும் இல்லை. நீள்வட்டமாக இருந்தால், பழையதைத் தளர்த்தும் முன்பே அதன் இடத்தைக் கோடு கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். புதியதைப் பூட்டி, மூடிய நிலை வோல்ட் கையேட்டின் அளவுக்கு வரும்வரை மெல்லத் திருப்பி இறுக்குங்கள். ஐடிஎல் சுவிட்ச் உள்ள டொயோட்டாக்களுக்கு, நெம்புக்கும் நிறுத்து திருகாணிக்கும் இடையே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளைச் செருகிப் பார்க்க வேண்டும்: கையேடு சொல்லும் மெல்லிய தகட்டில் ஐடிஎல் வயருக்கும் நில வயருக்கும் இடையே மின் தொடர்பு இருக்கவும், தடித்த தகட்டில் தொடர்பு அறவும் வேண்டும்.

கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழைய சென்சரை நம்பி வாங்கலாமா?

தேய்கிற பாகம் என்பதால் பழையதில் மீதமுள்ள ஆயுள் தெரியாது. வாங்குவதாயின் மீற்றரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பாக எண் முழுவதும் பொருந்த வேண்டும். கனெக்டர் ஒத்திருந்தாலும் அச்சு திரும்பும் திசை மாறியிருக்கலாம்.

ஏற்றத்தில் திடீரென வலு இழந்து, மிதித்தாலும் கேட்காமல் போனால் என்ன செய்வது?

எலெக்ட்ரொனிக் த்ரோட்டில் வாகனத்தில் ஈசியூ சென்சர்களை நம்ப முடியாதபோது மோட்டாரை விடுவித்துவிடும். தகடு ஸ்பிரிங்கின் பிடியில் சிறிதளவு மட்டும் திறந்து நிற்கும். சமதரையில் அதைக் கொண்டு ஊர்ந்து போகலாம், இறம்பொடை ஏற்றத்தில் முடியாது. அபாய விளக்குகளைப் போட்டு, வளைவைத் தவிர்த்து, பின்னால் வருபவருக்குத் தெரியும் நேரான இடத்தில் மலைச் சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாவியை எடுத்துச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் இயக்கினால் சில வேளை வழமைக்குத் திரும்பும். திரும்பினாலும் ஏற்றத்தைத் தொடர வேண்டாம். மெதுவாக அருகிலுள்ள ஊருக்குச் சென்று, பழுது எண்ணை அழிக்கும் முன் ஸ்கானரில் வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். பற்றரி வயரைக் கழற்றினால் அந்த எண்ணும் அழிந்துவிடக்கூடும். மறுநாள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாஸுக்கு அதுவே முதற் தடயம்.